இருப்புக்கொள்ளாத கால்களும் நோர்அட்ரினலினும்: அனுபவப் பகிர்வு

உசிலம்பட்டிக்காரர்:

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் ஹாலோபெரிடால் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தியபடியே முற்றத்தில் நடந்தார். நிற்கும்போதும், சுவருக்கு மண் மிதிப்பவரைப் போலக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அங்கே மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அன்றிரவு அவர் விடியும் வரை படுக்கவே இல்லை.

மறுநாள் மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மனநல மருத்துவர் நீண்ட விசாரணை எதுவும் நடத்தவில்லை. "மனசு படபடங்குதாம்மா, இல்ல காலு நிக்க மாட்டேங்குதா?" என்று மட்டும் கேட்டார். "மனசு சும்மாத்தான் இருக்கு, காலுதான் கேக்க மாட்டேங்குது" என்றார் சித்தி. இது அகதீசியா, மருந்தால் வந்தது என்று மருத்துவர் விளக்கினார். கிரேக்க மொழியில் 'உட்கார இயலாமை' என்று பொருள்படும் அந்தப் பெயர், இம்மருந்துகள் பிறப்பதற்கு வெகு முன்பே, 1901இல் சூட்டப்பட்டதாம். இருப்புக்கொள்ளவில்லை என்று நாம் காலங்காலமாகச் சொல்வதும் அதைத்தானே.

மூளைச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை, அதாவது அது நுழைந்து செயல்படும் கதவுகளை, ஹாலோபெரிடால் அடைக்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தவிப்பில் நரம்புகள் சுரக்கும் இன்னொரு வேதிப்பொருளான நோர்அட்ரினலினுக்கும் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுவதால், அதன் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலாலை, மூச்சிரைப்பு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 20 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை கொடுத்தார். ஹாலோபெரிடாலின் அளவையும் குறைத்தார். நான்காம் நாள் சித்தி திண்ணையில் சம்மணமிட்டுப் பூக்கட்டினார். குணம் எந்த மாத்திரையால் வந்தது, எந்தக் குறைப்பால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் இம்மருந்து கேட்பதில்லை என்பதையும் மருத்துவரே சொன்னார்.

வைகைக்கரை:

என் தந்தை ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, மூளையில் டோபமின் குறைவதால் கைநடுக்கம் வரும் பார்க்கின்சன் நோயாளி. வீட்டில் ஓரளவு அடங்கியிருக்கும் கைநடுக்கம், வங்கியில் கையெழுத்துப் போடும்போது, பின்னால் நிற்பவர் ஒருமுறை கனைத்தாலே பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்குக் கூடிவிடும். கூச்சம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பதற்றத்தில் சுரக்கும் நோர்அட்ரினலின் நடுக்கத்தைத் தூண்டிவிடுகிறது என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகு, அவரைக் கூட்டமில்லாத நேரத்தில் மட்டுமே அழைத்துப் போகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே பொருளின் குறைவும் அவரை வாட்டுகிறது. மூளைத்தண்டில் நோர்அட்ரினலினைச் சுரக்கும் லோகஸ் செருலியஸ் என்ற நீலநிறப் புள்ளி, டோபமின் செல்கள் அழியத் தொடங்குவதற்கு முன்பே பாதிக்கப்படுவதாக 2003இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹைகோ பிராக்கின் குழுவினர் இந்நோய் மூளையில் பரவும் கட்டங்களை வகுத்த படிநிலை கூறுகிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் செல்லும் நரம்புகளிலும் அது குறைவதால், மாட்டுத்தாவணியில் பேருந்து இருக்கையிலிருந்து எழுந்தவர் அப்படியே கண்ணிருண்டு சரிந்தார். படுத்திருக்கையில் 150 இருந்த மேல் இரத்த அழுத்தம் நின்றதும் 90க்கு இறங்கியது. இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறோம். எழுவதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிறார். உடலுக்குள் நோர்அட்ரினலினாக மாறும் டிராக்ஸிடோபா என்ற மருந்து 1989 முதல் ஜப்பானில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, இத்தனை காலம் டோபமின் ஒன்றையே பேசிக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. இந்நோயில் டோபமின் குறைவைக் காட்டிய 1960ஆம் ஆண்டின் வியன்னா ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே நோர்அட்ரினலினும் இருந்தது.

மருந்துக்கடைக்காரர்:

சிம்மக்கல் பக்கம் கடை வைத்திருக்கிறேன். மூச்சிரைப்புக்குச் சால்பியூட்டமால் உறிஞ்சுபவர்கள் சில்லறை எடுக்கையில் விரல் நடுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அம்மருந்து திறக்கும் பீட்டா கதவைத்தான் புரோப்ரனலால் சாத்துகிறது. அதனால்தான் புரோப்ரனலால் நடுக்கத்துக்கு உதவும், மூச்சிரைப்புக்காரருக்கு ஆபத்தாகவும் முடியும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று சீட்டில்லாமல் ஒரு அட்டை கேட்டு வருபவர்களிடம், "வீசிங் உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் மருத்துவரிடமே அனுப்பிவிடுகிறேன்.