புதுப்பிப்பு: சிவப்பு மெருகுக் குடுவையின் காலம்

சீனப் பேரரசர் காங்ஷியின் காலத்து லாங் சிவப்பு என்று விற்பனைக்கு வந்த நீள்கழுத்துப் பீங்கான் குடுவையின் காலத்தைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். அதைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்துவிட்டதால், இப்போது விடை எழுத முடிகிறது. 1705 முதல் 1712 வரை ஜியாங்ஷி மாகாண ஆளுநராக இருந்து, பீங்கான் நகரான ஜிங்டெசெனின் அரசுச் சூளையையும் மேற்பார்த்த லாங் டிங்ஜியின் பெயரால் வழங்கும் அந்தச் சிவப்பு, செம்பு கலந்த மெருகை (பீங்கான்மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சை) ஆக்சிஜன் குறைந்த தீயில் சுடுவதால் பிறப்பது. உருகிய மெருகு கீழிறங்குவதால் வாய்விளிம்பு வெளுத்து, உடற்பகுதியில் நிறம் அடர்கிறது. ஆயினும் தேர்ந்த லாங் கலங்களில் அந்த மெருகு, கலம் நிற்கும் அடிவளையத்தைத் தாண்டாமல் நேர்த்தியாக நின்றுவிடும். அந்தக் கட்டுப்பாடுதான் என்னை இவற்றின்பால் ஈர்த்தது. இந்தக் குடுவையிலோ மெருகு வழிந்திருக்க, அடிவளையம் சுற்றிலும் அரைத்துச் சமன்செய்யப்பட்டிருக்கிறது. வெள்ளை விளிம்பு பிற்காலப் பிரதிகளிலும் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்துக் காலத்தை முடிவுசெய்ய இயலாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கலமாகவே இதைக் கருதுகிறேன். அதற்குரிய விலையைச் சொன்னேன், விற்பவரும் இசைந்தார். அடிப்பகுதியின் படங்களை நாளை இணைக்கிறேன்.