வரைபடம் வாங்கியவர் விமானத்தை மாற்றினால், வடிவம் யாருடையது?

கொழிஞ்சாம்பாறை வாசகர்: வரைபடம் வாங்கி வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டும் ஒருவர், அதன் இருக்கை அமைப்பை மாற்றிப் புதிய மாதிரியாக விற்க முனைந்தால், உரிமை யாருக்கு?

குப்பம் பொறியாளர்: ஐயா, வரைபடத் தாளைப் பிரதியெடுத்து விற்பது பதிப்புரிமை மீறல், அதிலுள்ள கருத்தைக் கொண்டு தாமே வேறொன்று வரைவதைப் பதிப்புரிமை தடுப்பதில்லை. கண்டுபிடிப்புக்குத் தரப்படும் காப்புரிமை (patent) இருந்தால் கதை வேறு. அதுவும் 20 ஆண்டுகளே. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வரைபடமாக விற்ற லாங்-ஈஸி விமானத்தில் இருவர் முன்பின்னாக அமர்வார்கள். அருகருகே அமரும்படி அதிலிருந்து உருவான கோஸி விமானம், ரூட்டனின் அனுமதியோடுதான் வந்தது.

வாளையாறு வாசகர்: அனுமதி பெறுவது பண்பு, மறுக்கவில்லை. ஆனால் ஏவிட் ஃபிளையர் என்ற மடக்கு இறக்கைச் சிறு விமானத்தை அடியொற்றி 1984இல் கிட்ஃபாக்ஸ் என்ற விமானம் வந்திராவிட்டால், மடக்கு இறக்கைச் சிறு விமானங்கள் இவ்வளவு பெருகியிருக்குமா?

குப்பம் பொறியாளர்: பெருகட்டும். மாற்றியவர் பழைய பெயரை மட்டும் ஒட்டக் கூடாது. இறக்கை முறிந்தால் பழி முதல் வடிவமைப்பாளர் தலையில் விழும்.