பழைய ஸ்காட்ச் பாட்டில்: பூட்டி வைப்பதா, திறந்து குடிப்பதா?

கரிப்புகை:
போர்ட் எலன் பாட்டில்களை வாங்கிப் பூட்டி வைப்பவர்களிடம் ஒரு கேள்வி, கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்கிறேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இருந்த இந்த டிஸ்டில்லரியை, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலையை, 1983இல் மூடினார்கள். மிச்சம் கிடந்த பீப்பாய்களிலிருந்து 2001இல் முதல் ஆண்டு வெளியீடு வந்தது. 1979இல் வடித்தது, 22 வருடம் பீப்பாயில் முதிர்ந்தது, மொத்தம் 6000 பாட்டில். அன்றைக்குக் கடை விலை நூறு பவுண்டை ஒட்டித்தான். 2017இல் பதினேழாவது வெளியீடு வந்தபோது அதே கடை விலை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? குடிக்கிறவன் ஒதுங்கினான், அடுக்குகிறவன் உள்ளே வந்தான், அவ்வளவுதான். விஸ்கி என்பது குடிக்கச் செய்த பொருள். அதைக் குடிக்காமல் கைமாற்றிக்கொண்டே இருப்பதை ரசனை என்று சொல்லாதீர்கள், வட்டித் தொழில் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சூடாக ஆரம்பித்திருக்கிறீர்கள் நண்பரே, ஆனால் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். 1983இல் ஏன் மூடினார்கள்? எழுபதுகளில் அளவில்லாமல் வடித்துக் குவித்தார்கள், வாங்க ஆள் இல்லை. அந்த ஒரே வருடத்தில் போர்ட் எலன், ப்ரோரா, டல்லஸ் து, க்ளென் மோர், க்ளென் ஆல்பின் என்று வரிசையாக இழுத்து மூடினார்கள். நீங்கள் உருகுகிற அந்த போர்ட் எலன் அன்றைக்குப் பெரும்பாலும் பிளெண்டுக்குள், அதாவது பல டிஸ்டில்லரிகளின் சரக்கைச் சேர்த்துச் செய்யும் விஸ்கிக்குள், கலக்கப் போய்க்கொண்டிருந்த சரக்கு. இன்வர்னஸில் க்ளென் மோரும் க்ளென் ஆல்பினும் இருந்த கட்டடங்களையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயர்களில் நாலு பாட்டில் மிஞ்சியிருக்கிறது என்றால், யாரோ குடிக்காமல் எடுத்து வைத்ததால்தான். பிரேசில்காரர் க்ளைவ் விடிஸ் சேர்த்த மூவாயிரத்துச் சொச்சம் பாட்டில் எடின்பரோவில் ஸ்காட்ச் விஸ்கி எக்ஸ்பீரியன்ஸ் என்ற காட்சிக்கூடத்தில் வரிசையாக நிற்கிறது, போய்ப் பாருங்கள். அவர் ஒவ்வொன்றையும் திறந்து குடித்திருந்தால் அது ஒருவருடைய ஈரலின் வரலாறாக முடிந்திருக்கும்.

கரிப்புகை:
ஈரல் ஜோக் நல்லா இருக்கு. ஆனால் விடிஸை ஏன் துணைக்கு இழுக்கிறீர்கள்? அவர் பல வருடம் ஆசையாகச் சேர்த்தார், கடைசியில் அது மொத்தமாக ஸ்காட்லாந்துக்கே திரும்பிப் போயிற்று. அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. இந்த மாத ஏலத்தில் எடுத்து ஆறு மாதம் கழித்து இன்னொரு ஏலத்தில் போடுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவர்களுக்கு அந்தப் பாட்டிலுக்குள் டீ டிகாக்‌ஷன் இருந்தாலும் ஒன்றுதான், லேபிள் கிழியாமல் இருந்தால் போதும்.

மெய்யெங்கே:
டீ டிகாக்‌ஷன் என்று விளையாட்டாகச் சொன்னீர்கள், நிலைமை கிட்டத்தட்ட அதுதான். 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் பாரில், 1878ஆம் வருடத்து மெக்காலன் (பேர்போன ஸ்காட்ச் டிஸ்டில்லரி) என்று ஒரே ஒரு பெக்கை ஏறக்குறைய பத்தாயிரம் பிராங்குக்கு ஒருவர் வாங்கிக் குடித்தார். பிறகு கார்பன் சோதனை செய்து பார்த்தால் சரக்கு 1970ஐ ஒட்டியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கிளாஸ்கோ பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தார்கள், 21 போலி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது, அதற்குப் பிறகு விளைந்த பார்லியில் அது தெரியும், அதனால் தாத்தா காலத்துச் சரக்கு என்று ஏமாற்ற முடியாது. ஆனால் இதையெல்லாம் பார்க்க மூடியைத் திறந்தோ ஊசி போட்டோ கொஞ்சம் எடுத்தாக வேண்டும். எடுத்தால் விலை விழும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. பூட்டி வைக்கிற பழக்கம்தான் போலிக்காரனுக்குப் பாதுகாப்பு.

பழந்தக்கை:
எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள், ருசியைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய பாட்டில்களை நான் தேடுவது அபூர்வம் என்பதற்காக இல்லை, உள்ளே இருப்பது வேறு சரக்கு. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்: விஸ்கி பாட்டிலுக்குள் முதிராது. 1970இல் அடைத்த 12 வருட மால்ட் (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) இன்றைக்கும் 12 வருட மால்ட்தான். வித்தியாசம் அதைச் செய்த விதத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பல டிஸ்டில்லரிகள் தங்கள் தரையிலேயே பார்லியைப் பரப்பி முளைக்க வைத்தன. வடிக்கிற பானைக்கு அடியில் நேரடியாக நிலக்கரித் தீ. ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் அப்போது பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலில் வரும், காலியான அந்தப் பீப்பாய்கள் விஸ்கிக்குப் போகும். எண்பதுகளில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றி ஊறவைத்த பீப்பாய்கள்தான். மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அறுபதுகளில் வடித்த ஒரு ஷெர்ரி பீப்பாய் பௌமோரை (இதுவும் ஐலா தீவு விஸ்கிதான்) குடித்தவனிடம் போய் இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதே பௌமோர் எண்பதுகளில் வடித்தது பலருக்கு சோப்பு வாசனை அடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். பழசு எல்லாம் நல்லது என்பது ஒரு மயக்கம். அந்தக் காலத்திலும் குப்பை வந்தது, குப்பையை யாரும் பத்திரப்படுத்தவில்லை, நல்லதுதான் நம் கைக்கு வருகிறது.

பழந்தக்கை:
ஒத்துக்கொள்கிறேன், எழுபதுகளில் அடைத்த எல்லாமே தேன் இல்லை. சில பாட்டிலில் தக்கை கெட்டு அட்டை வாடை வரும், சிலவற்றில் மட்டம் தோள் வரை இறங்கி ஆல்கஹால் பறந்திருக்கும். ஆனால் இதையெல்லாம் திறந்தவன்தான் சொல்ல முடியும், திறக்காதவனுக்கு அது வெறும் கண்ணாடி.

ஓரத்துமேசை:
இவ்வளவு நேரம் ஓசியில் படித்துக்கொண்டிருந்தேன். நான் சென்னை. நமக்கு ஏர்போர்ட்டில் வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான், அதனால் இந்தச் சண்டை எனக்கு சினிமா மாதிரி. ஒரு சந்தேகம் மட்டும்: வெளியூரில் ஒரு கடையில் பழைய பாட்டில் கண்ணில் பட்டால் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒயின் மாதிரி படுக்க வைக்க வேண்டுமா?

பழந்தக்கை:
படுக்கவே வைக்காதீர்கள் தம்பி. ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும், நின்றபடியே வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். காலத்துக்கு முதலில் லேபிளைப் பாருங்கள். பிரிட்டனில் விற்ற பாட்டிலில் 70 டிகிரி புரூஃப் என்று போட்டு, அளவை அவுன்ஸ் கணக்கில் சொல்லியிருந்தால் பெரும்பாலும் 1980க்கு முன்னால். பழைய கணக்கில் 70 புரூஃப் என்றால் நாம் சொல்லும் 40 சதவீதம். எண்பதுகளில் 75 செண்டிலிட்டர், தொண்ணூறுகள் தொடங்கிய பிறகு 70. இழுத்தால் நெம்புகோல் போல் எழும்பும் ஸ்பிரிங் மூடி இருந்தால் ஐம்பது அறுபதுகள் என்று நினைக்கலாம். ஆனால் அமெரிக்காவுக்குப் போனது பிறகும் 75தான், இதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

மெய்யெங்கே:
இந்த அடையாளங்கள் எல்லாமே போலிக்காரனுக்கும் மனப்பாடம். அசல் காலி பாட்டில் இணையத்தில் காசுக்கு விற்கிறது, எதற்கு என்று நினைக்கிறீர்கள், மணி பிளாண்ட் வைக்கவா?

கணக்குப்பிள்ளை:
சரி, கரிப்புகைக்கு ஒரு நேர்க் கேள்வி. ப்ரோரா 2021இல் திறந்தது, போர்ட் எலன் 2024 மார்ச்சில், மூடிக் கிடந்த இன்னொரு டிஸ்டில்லரியான ரோஸ்பேங்கும் மறுபடி வடிக்க ஆரம்பித்துவிட்டது. யாருக்காக? முதல் இரண்டுக்கும் 3.5 கோடி பவுண்டு போடுவதாக அறிவித்தது 2017இல், அதாவது நீங்கள் திட்டுகிற அந்த மூவாயிரம் பவுண்டு வெளியீடு வந்த அதே வருடம். பாரில் உட்கார்ந்து ஒரு லார்ஜ் சொல்கிறவனை நம்பி எவனும் இடிந்த டிஸ்டில்லரியைத் திரும்பக் கட்ட மாட்டான். ஏல விலைதான் அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது. பானையில் மறுபடி நெருப்பு மூட்டியது நாங்கள், குடிக்கப் போவது நீங்கள்.

கரிப்புகை:
இது வலுவான வாதம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பெயருக்கு மதிப்பு எப்படி வந்தது? தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் சில பேர் திறந்து குடித்து, “இது என்னடா இப்படி இருக்கு” என்று ஊரெல்லாம் சொன்னதால் வந்தது. ஒருத்தரும் குடிக்காமல் எல்லோரும் பூட்டி வைத்திருந்தால் போர்ட் எலன் என்பது வரைபடத்தில் ஒரு துறைமுகம் மட்டுமே. மெக்காலன் 1926ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60 வருடம் 263ஆம் எண் பீப்பாயில் கிடந்து 1986இல் 40 பாட்டிலில் அடைத்தது. 2023இல் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் ஒன்று 21 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதில் ஒரு பாட்டில் ஜப்பான் நிலநடுக்கத்தில் உடைந்ததாகவும், ஒன்றை யாரோ திறந்து குடித்ததாகவும் சொல்வார்கள். அந்த யாரோதான் என் தலைவர். இன்னொன்று, 2022க்குப் பிறகு ஏல விலைகள் பொதுவாக இறங்கிக்கொண்டிருக்கின்றன, அதைப் பற்றி உங்கள் வாயிலிருந்து இதுவரை ஒரு சொல் வரவில்லையே கணக்கு சார்?

கணக்குப்பிள்ளை:
இறங்கட்டும், நல்லதுதான். அவசரத்தில் வந்தவர்கள் விற்றுவிட்டு ஓடுவார்கள், நான் இன்னும் இரண்டு வாங்குவேன்.

பழந்தக்கை:
இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டிலைக் கூட்டாக வாங்கி ஆளுக்கு 3 செண்டிலிட்டர் பிரித்துக்கொள்வது. 70 செண்டிலிட்டர் பாட்டிலில் தாராளமாக இருபது பேருக்கு மேல் வரும். என்னிடம் ஒரு போர்ட் எலன் இருக்கிறது, வாங்கிய விலைக்கே தருகிறேன், லண்டனில் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறவர்கள் பெயர் கொடுங்கள். திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை சாய்த்துத் தக்கையை நனைத்துவிடுவேன், மாற்றுத் தக்கையும் வடிகட்டியும் தயார்.

கரிப்புகை:
என் பெயர் முதலில்.

கணக்குப்பிள்ளை:
என்னை விடுங்கள். எத்தனையாவது வெளியீடு என்று மட்டும் சொல்லுங்கள். முதலாவது என்றால் திறக்காதீர்கள் ஐயா, நானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மெய்யெங்கே:
எனக்கும் ஒரு பங்கு. ஆனால் ஒரு நிபந்தனை: பாட்டில் காலியானதும் அங்கேயே எங்கள் முன்னால் லேபிளில் ஆணியால் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும்.

பழந்தக்கை:
ஆணி நான் கொண்டுவருகிறேன். கணக்கு சார், ஏழாவது வெளியீடு. விலை பேச வேண்டாம்.