வரிச் சலுகை போன பிறகும் நான் ஏன் அதே தொகையைக் கொடுக்கிறேன்?

வைகைக்கரை:
ஒவ்வோர் ஆண்டும் அப்பாவின் திதியன்று ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறேன். பழைய வரி முறையில் 80ஜி எனும் நன்கொடை ரசீதைக் காட்டினால் பாதித் தொகை வருமானத்தில் கழியும். 30 சதவீத வரி கட்டும் எனக்கு 1,500 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். புதிய முறையில் அது கிடையாது; அதாவது கொடுப்பதன் விலை எனக்கு ஏறிவிட்டது. விலை ஏறினால் வாங்குவது குறைய வேண்டுமே? நான் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு நேரில் போய்ப் பரிமாற முடியாமல் கைப்பேசியில் அனுப்பினேன். கொடுத்தது போலவே இல்லை. அவர்களுக்குப் போனது அதே பணம்தானே?

கரும்பலகை:
ஐயா, கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். பசித்தவர் உண்ண வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், அரசு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் ஒரு ரூபாய் குறைத்துக்கொள்வோம். அப்படி நடப்பதில்லை. கொடுக்கும் செயலே ஒரு நிறைவு தருகிறது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-இல் விளக்கினார். அதற்கு ‘வார்ம் குளோ’ (இதமான கதகதப்பு) என்று பெயர். விலையைப் பற்றியும் சொல்கிறேன். டீன் கார்லனும் ஜான் லிஸ்டும் அமெரிக்காவில் 50,000 பேருக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். ‘நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவரும் தருவார்’ என்றதும் கடிதத்துக்குக் கிடைத்த தொகை 19 சதவீதம் கூடியது. ஈட்டை மூன்று மடங்காக்கிக் கொடுப்பதை இன்னும் மலிவாக்கியும் அதற்கு மேல் கூடவில்லை. நீங்கள் இழந்தது 1,500 ரூபாயை அல்ல, பந்தியில் நின்று பரிமாறும் அந்த ஒரு மணி நேரத்தை.

கணக்கேடு:
ஓர் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அலுவலகச் சுவரில் ‘ஒரு நாள் உணவு’ நாட்காட்டி தொங்குகிறது. ஜனவரி 1, தை அமாவாசை ஆகிய கட்டங்களில் நான்கு கொடையாளர்களின் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அன்று வடையும் பாயசமும் மிஞ்சும். மழைக்கால வார நாட்கள் வெறுமையாகக் கிடக்கும். அன்றும் அதே நாற்பது பேருக்குத்தான் உலை வைக்க வேண்டும். மக்கள் வாங்குவது சோற்றை அல்ல, தேதியை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தேதிகள் இல்லாவிட்டால் எங்களுக்குப் பணமே வராது.

வைகைக்கரை:
இதைப் படித்துவிட்டு எங்கள் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கும் கார்த்திகையில் பதினோரு நாட்கள் காலியாம். திதியன்று ஐயாயிரம், மீதியைக் காலி நாளுக்கு என்று கொடுத்தால் அவர்களுக்குச் சிரமமா?

கணக்கேடு:
சிரமமே இல்லை ஐயா. ‘தேதி இல்லத்தின் விருப்பம்’ என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திதியன்று மட்டும் நேரில் போய்ப் பரிமாறிவிட்டு வாருங்கள்.