போக்சோ வழக்குகளில் குறைந்தபட்சத் தண்டனை: வழக்கறிஞர்களிடம் ஓர் உதவி

குழுவிலுள்ள வழக்கறிஞர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பெற்றோர்களிடையே நான் ஆற்றவிருக்கும் உரைக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், ஊடுருவும் பாலியல் தாக்குதலுக்கு 7 ஆண்டுகளாக இருந்த குறைந்தபட்சச் சிறைத்தண்டனை, 2019 திருத்தத்தின்படி 10 ஆண்டுகளாகவும், குழந்தை 16 வயது நிரம்பாதவராயின் 20 ஆண்டுகளாகவும் உயர்த்தப்பட்டது. முன்பு நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பாலியல் வன்புணர்வுக்கான 376ஆம் பிரிவின்கீழ், சிறப்புக் காரணங்களைக் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இருந்த அதிகாரம் 2013இல் நீக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே உறுதியாக நம்புகிறேன். பாதிக்கப்பட்டவரின் வேதனை பேரம் பேசும் பொருளாகிவிடக் கூடாது.

ஆனால், 17 வயதுப் பெண்ணும் 19 வயது இளைஞனும் விரும்பிப் பழகிய வழக்கிலும் போக்சோ சட்டமே பாய்வதும், குற்றம் நிரூபணமானால் விசாரணை நீதிமன்றத்தால் தண்டனையைக் குறைக்க இயலாததும் என்னை உறுத்துகின்றன. இத்தகைய வழக்குகள் நடைமுறையில் எப்படி முடிகின்றன? தண்டனையின் கடுமையே விடுதலைக்கோ, சாட்சிகள் பிறழ்வதற்கோ காரணமாவதை நீங்கள் கண்டதுண்டா? அருள்கூர்ந்து எழுதுங்கள், குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரமும் பதிலில் இடம்பெற வேண்டாம்.