பாறைச் சுரங்கத்தில் நீர்வரத்து: சாதா சிமெண்டா, மைக்ரோ சிமெண்டா, பாலியூரித்தேனா?

கெடிலக்கரையான் எழுதியது:

வணக்கம். இமாசலத்தில் ஒரு நீர்மின் திட்டச் சுரங்கத்தில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். பொங்கலுக்குத் திருப்பாதிரிப்புலியூர் வந்திருக்கிறேன். பத்து நாளில் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு தெளிவு கிடைத்தால் நிம்மதியாகப் போவேன்.

வெடி வைத்துக் குடையும் சுரங்கம், அகலம் 5.6 மீட்டர். நைஸ் பாறை, மேலே ஏறக்குறைய 300 மீட்டர் மூடுபாறை. குடைந்துகொண்டிருக்கும் முகப்பிலிருந்து 24 மீட்டர் முன்னோக்கித் துளையிட்டுப் பார்த்தபோது நிமிடத்துக்கு 60 லிட்டர் வந்தது. துளையின் வாயை இறுக்கி அடைக்கும் பேக்கர் போட்டு மூடினால் அழுத்த அளவி 8 பார் காட்டுகிறது. தண்ணீர் 11 டிகிரி, கை மரத்துப்போகும்.

தண்ணீர் வரும் விரிசல்களை அடைக்க, 53 கிரேடு சாதா சிமெண்டைக் கரைத்துத் துளைகள் வழியாகப் பம்பால் ஏற்றினோம். தண்ணீர் 5 பங்கு, சிமெண்ட் 1 பங்கு என்று தொடங்கி, பிறகு 3:1 ஆக்கினோம். மூன்றாம் துளை 46 மூட்டைகளை விழுங்கியது, அழுத்தம் ஏறவே இல்லை. ஐந்தாம் துளை நேர்மாறு: உடனே 25 பார் ஏறியது, சிமெண்ட் ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆனால் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது. இது போதாதென்று, முகப்புக்கு 40 மீட்டர் பின்னால், ஷாட்கிரீட் (பீய்ச்சியடிக்கும் கான்கிரீட்) அடித்த சுவரில் ஒரு பாறை ஆணித் துளையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறது.

ஒப்பந்தக்காரர் எல்லாவற்றுக்கும் பாலியூரித்தேன் என்ற நுரைக்கும் ரசாயனம் என்கிறார். நிலவியலாளர் மிக நுண்ணியதாக அரைத்த மைக்ரோ சிமெண்ட் என்கிறார். விலையைப் பார்த்து மேலதிகாரி சாதா சிமெண்டையே தொடரச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

லாஸ்பேட்டைக்காரர் எழுதியது:

தம்பி, மூவரும் ஒவ்வொரு விரிசலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உங்கள் இடத்தில் மூன்று விரிசல்கள் இருக்கின்றன. விரிசலைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் ஆத்திரம் தரும் விஷயம். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். 31 ஆண்டுகள் மலைகளில் இதே வேலையைச் செய்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன் நான்.

முதலில் ஐந்தாம் துளை. அது தன் கதையைத் தானே சொல்லிவிட்டது. தண்ணீர் வருகிறது, சிமெண்ட் போகவில்லை என்றால் விரிசல் இருக்கிறது, ஆனால் உங்கள் சிமெண்டின் துகள் அதைவிடப் பருமன் என்று பொருள். சலிக்காத மாவை இடியாப்ப உரலில் போட்டுப் பிழிந்தால் நாலு கண்ணில் கப்பி அடைத்துக்கொள்ளும், அழுத்த அழுத்தக் கைதான் வலிக்கும். அதேதான் இங்கே நடக்கிறது. சாதா சிமெண்டில் 90 மைக்ரான் சல்லடையில் தங்கும் துகளும் கொஞ்சம் இருக்கும். துகளின் மூன்று மடங்காவது விரிசல் அகலமாக இருந்தால்தான் கலவை நுழையும். அதாவது கால் மில்லிமீட்டருக்குக் கீழே சாதா சிமெண்டை மறந்துவிடுங்கள். மைக்ரோ சிமெண்டின் பெரிய துகள் 15 முதல் 20 மைக்ரான்தான். ஐந்தாம் துளைக்கு நிலவியலாளர் சொன்னதே சரி.

மூன்றாம் துளை அகலமான விரிசல். அங்கே விலையுயர்ந்த பொருளைக் கொட்டுவது வீண், சாதா சிமெண்டே போதும். ஆனால் 5:1 என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பழைய காயம் ஒன்று வலித்தது. 1994-இல் ஒரு சுரங்கத்தில் இரண்டு இரவுகள் விடாமல் நீர்த்த சிமெண்ட் பால் ஏற்றினேன். ஒழுக்கு நின்றது, எல்லோரும் கைகுலுக்கினார்கள். மூன்று மாதத்தில் அதே இடத்தில் தண்ணீர். பாறையைக் கொத்திப் பார்த்தால் விரிசலின் அடிப்பாதியில் சிமெண்ட் படிந்து இறுகியிருக்கிறது, மேற்பாதி வாய்க்கால்போலத் திறந்து கிடக்கிறது. அதிகத் தண்ணீர் மேலே பிரிந்து நின்று தனக்கொரு வழியை விட்டுச் செல்கிறது. அன்றிலிருந்து எடைக்கு எடை 1:1-க்கு மேல் தண்ணீர் ஊற்ற நான் அனுமதித்ததில்லை. இளகவில்லையே என்றால் சூப்பர் பிளாஸ்டிசைசர் சேருங்கள், தண்ணீரைச் சேர்க்காதீர்கள். அழுத்தம் ஏறாமல் விழுங்கிக்கொண்டே போனால் சிமெண்ட் ஒரு பங்குக்குத் தண்ணீர் 0.7 பங்கு என்ற அளவு வரை கெட்டியாக்குங்கள்.

ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் கலவையை இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் 50 மில்லிக்குள் இருக்க வேண்டும். கலவையின் இளக்கத்தை அளக்கும் மார்ஷ் கூம்பில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 28 நொடியில் இறங்கும், நல்ல மைக்ரோ கலவை 32 முதல் 35 நொடி எடுக்கும். என் கூம்பை ஓய்வுபெற்றபோது வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், இன்னும் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று: மைக்ரோ சிமெண்டைத் துடுப்புப் போட்ட சாதாரணக் கலவை இயந்திரத்தில் கலந்தால் துகள்கள் கட்டிபிடித்து மறுபடி சாதா சிமெண்டாகவே ஆகிவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்றாவது ஓடும் அதிவேக இயந்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மூட்டைக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

ஏற்றும் அழுத்தத்தைக் கணக்கிடும்போது எதிரே நிற்கும் 8 பாரைக் கழியுங்கள். நீங்கள் 25 பார் வைத்தால் பாறைக்குப் போய்ச் சேருவது 17 பார்தான். பாறை எவ்வளவு தண்ணீரை உள்ளே விடுகிறது என்று அளக்கும் லூஜன் சோதனையும் அப்படியே. மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர், 10 பார் அழுத்தத்தில் போனால் ஒரு லூஜன். உங்களுக்கு அந்த நிகர 10 பார் வேண்டுமானால் பம்பில் 18 வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பாறை இறுக்கமானது என்று அறிக்கை எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் பீறிடுகிறதே, அது ஓடும் தண்ணீர். ஓடும் தண்ணீரில் சிமெண்ட் நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே மட்டும் ஒப்பந்தக்காரர் சொல்வது சரி. பாலியூரித்தேன் தண்ணீரைத் தொட்டதும் நுரைத்துப் பொங்கி அடைக்கும். ஆனால் அதைத் தடுப்பாக மட்டும் கொள்ளுங்கள். ஓட்டம் நின்றதும் பக்கத்தில் துளையிட்டு அதன் பின்னால் சிமெண்ட் ஏற்றுங்கள், நீண்ட நாள் நிற்பது அந்தச் சிமெண்ட்தான். நுரை கைவசம் இல்லாத இரவில் சிமெண்டையும் சோடியம் சிலிக்கேட்டையும் தனித்தனிக் குழாயில் கொண்டுவந்து பேக்கரின் வாயில் சேர்த்தால் அங்கேயே உறையும். ஒரே குழாயில் விட்டால் குழாயே கல்லாகிவிடும்.

எல்லாம் முடிந்தும் துளிர்க்கும் நுண்விரிசலுக்குக் கூழ்ம சிலிக்கா உண்டு. தண்ணீர்போல ஓடும், உப்புக் கரைசலின் அளவை வைத்து உறையும் நேரத்தை மாற்றலாம். வலு குறைவு. உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

முதுநகர் வேதியியல் எழுதியது:

ஐயா சொன்ன பிறகு பொருள் தேர்வில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கடலூர் சிப்காட் பக்கத்தில் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் ஒன்றை மட்டும் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ரசாயனக் கிரவுட் (விரிசலில் ஏற்றி அடைக்கும் கலவை) எதுவாக இருந்தாலும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கையில் வாங்காமல் திறக்கவிடாதீர்கள்.

ஸ்வீடனில் ஹலாந்சோஸ் என்ற ரயில் சுரங்கம். 1997-இல் நீர்வரத்தை அடைக்க அக்ரிலமைடு கலந்த கிரவுட்டை ஏற்றினார்கள். ஓடும் தண்ணீரில் நீர்த்துப்போனதால் ஒரு பகுதி உறையாமலேயே ஓடைக்குள் போய்விட்டது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன, தொழிலாளர்களுக்கு நரம்புப் பாதிப்பு. வேலை நின்றது. அந்தச் சுரங்கத்தில் ரயில் ஓடியது 2015 டிசம்பரில்தான். உறைந்த பிறகு பாதுகாப்பானது என்று விற்பவர் சொல்லுவார். உறையாத பகுதி எங்கே போகும் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு சிறிதளவே போதும். பம்பில் நிற்கும் பையனுக்குத் துணி முகமூடி கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். சிமெண்ட் கலந்த தண்ணீரும் கடும் காரம், தொட்டியில் தேக்கிச் சரிசெய்த பிறகே ஆற்றில் விட வேண்டும்.

பரவனாற்றங்கரை எழுதியது:

நெய்வேலியில் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்தவன். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஆர்ட்டீசியன் நீர், அழுத்தத்தோடு நிற்கிறது. அடைக்க வழியில்லை, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துத்தான் தோண்டுகிறார்கள். ஆகவே வடித்துவிடுவதும் ஒரு தீர்வு என்று சொல்ல வந்தேன். ஆனால் வடிப்பதற்கு முன் மலைமேல் யாருடைய ஊற்று இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. ஆஸ்லோ அருகே ரொமெரிக்ஸ்போர்ட்டன் சுரங்கத்தைக் குடைந்தபோது மேலே இருந்த சிறிய ஏரியின் நீர்மட்டமே இறங்கிப்போனது. எவ்வளவு கசிவை விடலாம் என்பதை மேலே இருப்பவர்களின் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கெடிலக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது, அதனால் விவரம் எழுதுகிறேன். எங்களிடம் இருந்தது துடுப்பு இயந்திரம்தான். அதிவேக இயந்திரம் வரும்வரை சாதா சிமெண்டை 1:1-இல் அகலமான துளைகளில் ஏற்றினோம். மூன்றாம் துளையில் 38 மூட்டைக்குப் பிறகு முதல் முறையாக அழுத்தம் ஏறியது. அடுத்த துளையில் கெட்டியான கலவை வெளிவந்ததும் அதையும் பேக்கரால் மூடினோம். பிறகு இடையே புதுத் துளைகளிட்டு மைக்ரோ சிமெண்ட், 45 பார். சோதனைத் துளைகளில் இப்போது நிமிடத்துக்கு 4 லிட்டர். ஒன்றில் மட்டும் 9. அதில் கூழ்ம சிலிக்கா ஏற்றலாமா?

மேலே இரண்டு ஊற்றுகள் இருக்கின்றன. ஒன்றில் ஊர்ப் பெண்கள் குடம் நிரப்புகிறார்கள். வாரம் ஒருமுறை ஏறிப்போய் வாளி வைத்து அளக்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரர் எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. அந்த 9 லிட்டர் துளையை ஏற்றி முடித்து எத்தனை மணி நேரத்தில் துளையிட்டுப் பார்த்தீர்கள்? 11 டிகிரித் தண்ணீரில் சிமெண்ட் இறுக நேரமெடுக்கும். ஒரு நாள் முழுதும் விட்டு, பக்கத்தில் ஒரு துளையிட்டு அளந்துவிட்டு எழுதுங்கள். அதுவரை சிலிக்கா டப்பாவைத் திறக்க வேண்டாம். ஊற்றை அளக்கும் தேதிகளையும் அளவையும் தளக் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள்.