“ஃபார்மேட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கும் இடத்தில்

லினக்ஸ் நிறுவச் சொல்லித்தரும் குறிப்புகளில் புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? நட்சத்திரக் குறிக்கு ஒருவராக நாங்கள் சிலர் சொல்கிறோம்.

லுபுண்டு என்ற லினக்ஸை நிறுவ எழுதிய குறிப்பு. பன்னிரண்டு படி, பன்னிரண்டும் சரி. பென் டிரைவில் லினக்ஸை எழுதும் எச்சர் என்ற கருவி வேலையை முடித்த அடுத்த நொடி விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறக்கிறது: இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா? குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. படித்தவர் ‘ஃபார்மேட் டிஸ்க்’ அழுத்திவிட்டார். கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆகவில்லை. மறுபடி எழுதினார், மறுபடி அதே பெட்டி, மறுபடி ஃபார்மேட். மூன்றாம் தடவை பென் டிரைவே கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி ஓரமாக வைத்துவிட்டார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

எச்சர் எழுதும் அந்த ஐஎஸ்ஓ, அதாவது லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல், பென் டிரைவில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட்டிஷன்களை (தனித்தனிப் பகுதிகளை) உண்டாக்கும். தனக்குப் படிக்கத் தெரியாத பார்ட்டிஷனைப் பார்த்தால் விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொல்லும். ‘கேன்சல்’ அழுத்தினால் போதும். ஆனால் இந்த எச்சரிக்கை, எச்சரில் எழுதத் தொடங்கும் ‘ஃபிளாஷ்’ பொத்தானை அழுத்தச் சொல்லும் வரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால், கண் அங்கே வருவதற்குள் விரல் போய்விடும்.

*

இதற்கு எச்சரையே விட்டுவிடலாமே? ரூஃபஸ் என்ற இன்னொரு கருவியில் ஐஎஸ்ஓ முறையில் எழுதினால் பென் டிரைவ் விண்டோஸுக்குப் படிக்கத் தெரிந்த சாதாரண ஃபாட்32 ஆகத்தான் தெரியும், அந்தப் பெட்டி வராது. என்ன, ரூஃபஸ் நடுவில் ‘ஐஎஸ்ஓ முறையா, (எச்சர் போல அப்படியே நகலெடுக்கும்) டிடி முறையா’ என்று கேட்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குறிப்பில் சொல்லியாக வேண்டும். கேள்வி இல்லாத கருவி எங்கும் இல்லை.

நான் பார்த்த தப்பு வேறு. ஒரு குறிப்பில் “ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் போடுங்கள்” என்று எழுதியிருந்தது. படித்தவர் போட்டார். காப்பி, பேஸ்ட். நம் பேச்சில் ‘போடு’ என்றால் அதுதான், அவர் மேல் தப்பே இல்லை. ரூஃபஸில் எழுதி முடித்ததும் பென் டிரைவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உட்கார்ந்திருந்தால் தப்பு. ‘பூட்’, ‘இஎஃப்ஐ’, ‘கேஸ்பர்’ என்று ஃபோல்டர்கள் தெரிந்தால் சரி. இந்த ஒரு வரியை எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

*

மேலே இரண்டு பேர் சொன்னதிலும் போனது ஒரு பென் டிரைவின் வேலைதான். இதைக் கேளுங்கள். “பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கவும்” என்று ஒரு குறிப்பில் மொட்டையாக ஒரு வரி. பயாஸ் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை, செக்யூர் பூட் என்பது நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு. படித்தவர் அணைத்தார். லினக்ஸ் பிடிக்காமல் விண்டோஸுக்கே திரும்பியபோது நீலத்திரை: 48 இலக்க ரிகவரி கீ கொடு. அந்தக் கம்ப்யூட்டரில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, இருக்கிறது என்பதே அவருக்கு அந்தத் திரையில்தான் தெரிந்தது.

குறிப்பு எழுதுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். லுபுண்டு செக்யூர் பூட்டை அணைக்காமலே பூட் ஆகும். டெபியன் என்ற லினக்ஸும் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். தேவையில்லாமல் அணைக்கச் சொல்லாதீர்கள். அணைத்தே ஆக வேண்டிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்றால், முதல் படியே ரிகவரி கீயைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வைப்பதாக இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸில் நுழைகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே கிடைக்கும். அடுத்து, விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுசாக மூடாமல் அரைத்தூக்கத்தில் நிற்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் சேமிக்க முடியாமல் போகும். இன்னொன்று, இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாத சில லேப்டாப்கள் இருக்கின்றன. பயாஸில் டிஸ்க் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் இருப்பதால் அப்படி. ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் தெரியும் என்று எழுதிவிட்டு நகராதீர்கள். விண்டோஸைத் தயார் செய்யாமல் மாற்றினால் அது பூட் ஆகாது. பழையபடி மாற்றினால் திரும்பி வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பயத்தில் இருப்பவருக்கு அதுதான் மருந்து.

*

ரிகவரி கீ விஷயம் முழுக்கச் சரி. ஆனால் இத்தனையையும் முதல் பக்கத்தில் அடுக்கினால் புதியவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். யாருக்கு எது பொருந்துமோ அந்தப் படியில் மட்டும் போடுங்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது பொத்தான்களைத் தமிழாக்கிய ஒரு குறிப்பு. “வட்டை அழி என்பதைத் தவிர்க்கவும்” என்றிருந்தது. திரையிலோ ‘எரேஸ் டிஸ்க்’. அவர் ‘வட்டை அழி’யைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்டாலர் ஆங்கிலத்தில் ஓடுகிறது என்றால் பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே கொடுங்கள், விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்.

அந்தத் திரையில் கை நடுங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லுபுண்டுவின் இன்ஸ்டாலர் கலமாரேஸ். பார்ட்டிஷன் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நேரத்தில் டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. இப்போது இருப்பது, பிறகு இருக்கப்போவது என்று இரண்டு பட்டைகளைக் காட்டும். சுருக்கப் பக்கம் வந்து, ‘இன்ஸ்டால்’ அழுத்தி, கடைசியாகக் கேட்கும் பெட்டியிலும் ‘இன்ஸ்டால் நவ்’ கொடுத்தால்தான் டிஸ்க்கைத் தொடும். அதுவரை ‘பேக்’ அழுத்தித் திரும்பலாம்.

*

“ரேம் 2 ஜிபிதான், அதனால் 32 பிட் எடுங்கள்” என்று இன்னும் எழுதுகிறார்கள். ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பார்க்க வேண்டியது பிராசஸரை. விண்டோஸின் ‘சிஸ்டம் டைப்’ வரியில் “32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்” என்று ஒருவருக்கு இருந்தது. அவர் வரியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, 32 பிட் லுபுண்டு வேண்டும் என்று பழைய பதிப்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். லுபுண்டு 19.04இலிருந்து 32 பிட்டைக் கைவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13க்கும் 32 பிட் பிசி இன்ஸ்டாலர் கிடையாது. எக்ஸ்64 என்றால் 64 பிட். வரியின் அந்த இரண்டாம் பாதியைப் படித்திருந்தால் புதிய 64 பிட் பதிப்பையே நேராக எடுத்திருக்கலாம்.

*

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ பாஸ்வேர்ட் கேட்கும்போது அடிப்பது திரையில் தெரியாது. புள்ளிகூட வராத டிஸ்ட்ரோக்கள் நிறைய. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று ஒருவர் ரீஸ்டார்ட் செய்தே விட்டார், அப்டேட்டுக்கு ஒரே ஒரு என்டர் பாக்கி இருந்த நேரத்தில். ‘தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்’ என்று கட்டளைக்கு மேலேயே எழுதுங்கள்.